பின்ஜன்னல்

மறைமலை நகரில் தொழிற்சாலைக் குடியிருப்புக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தபோதுதான் செல்லம்மாள் அந்த ரத்தத்தைப் பார்த்தாள். ஈரச் சிமெண்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு. அவள் புருஷன் முனிரத்தினத்தின் கை போன வழியெல்லாம் அதுவும் போயிருந்தது. அவன் பாட்டுக்கு மட்டக்கோலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"யோவ், கைய பாருய்யா!"

அவன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரல் ஓரத்தில் சதை பிளந்திருந்தது. எதில் கிழிந்தது, எப்போது கிழிந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலியா?"

"வலிச்சா எனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கப் பார்த்தான்.

செல்லம்மாள் சிரிக்கவில்லை. கலவைப் பாண்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானை ஓரத்தைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கி நின்றன. நிமிர்த்தினால் நிமிர்ந்தன. விட்டால் மறுபடி மடங்கிக்கொண்டன.

1986ஆம் வருஷம் அது. ஒரகடத்துப் பக்கம் அப்போது வயலும் ஏரியும் கருவேலங்காடும்தான். நெல்லித்தாங்கல் என்ற சின்ன ஊரில் அவர்களுக்கு வீடு. அவன் கொத்தனார், அவள் சித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வைத்த ஒவ்வொரு கல்லுக்கும் கலவை அவள் தலையில்தான் ஏறியது. வீடு கட்டுகிறவர்கள் மூலை எடுக்க முனிரத்தினம்தான் வர வேண்டும் என்று காத்திருப்பார்கள். அவன் எடுத்த மூலையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் சுவரை விட்டு விலகாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டார்கள். அவன் முழங்கைக்குக் கீழே வெளிறிக் கிடந்த தேமலைப் பேனாவால் தொட்டுப் பார்த்து, தொழுநோய் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் நெல்லித்தாங்கல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளை மாத்திரை வாங்கித் தின்றுகொண்டுதான் இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனான் என்றுதான் சொல்லலாம், உள்ளே போனான் என்று சொல்ல முடியாது. வாசலும் பெஞ்சும் மின்விசிறியும் முன்பக்கம். பின்பக்கம் கழிவுநீர் ஓடும் கால்வாய், முள்ளுச் செடி, கம்பி போட்ட ஒரு ஜன்னல். தொழுநோய்க்காரர்களுக்கு அந்த ஜன்னல்தான். யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. கம்பவுண்டர் தணிகாசலம் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைப்பார். அவர் கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் வெளியே நிற்கிறவர் எடுக்கலாம். கெட்ட மனிதர் இல்லை அவர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்த ஜன்னல் வழியாக அவர் யார் கையையும் பார்த்ததில்லை, யார் காலையும் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை செல்லம்மாளும் கூடப் போனாள்.

"முழங்கையில நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்குது சார்" என்றான் முனிரத்தினம். "ரெண்டு வெரலு மடங்கிகினு நிக்குது."

"மாத்திரை சூடு அது. மோரு நெறைய குடி" என்றார் தணிகாசலம். "அடுத்த ஆளு!"

"வெரலு மடங்கறதுக்கு மோராய்யா?" என்றாள் செல்லம்மாள். தணிகாசலம் அடுத்த பொட்டலத்தை எடுக்கத் திரும்பிவிட்டார். அவள் புருஷனின் மேல்கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்தாள்.

"வாணாம்மே. ஜனங்க குந்திகினு இருப்பாங்க."

"இருக்கட்டுமே. அவங்களும் வைத்தியத்துக்குத்தான வந்துகீறாங்க? நாம மட்டும் இன்னா, திருடவா வந்தோம்?"

உள்ளே நுழைந்ததும் ஆட்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நின்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். செல்லம்மாள் குனியவில்லை. நேரே டாக்டர் அறைக்குள் போய், அவன் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அருள்நாதன் தூத்துக்குடிக்காரர். ஒல்லியான ஆள், படிப்பு முடிந்து முதல் வேலை இது. வந்த நாளிலிருந்து அந்தப் பின்ஜன்னலை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொழுநோய் வேறு பிரிவின் வேலை, ஊர் வழக்கம் என்று விட்டிருந்தார். இப்போது மேசைமேல் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு அதைத் தன் கையில் எடுத்தார்.

முனிரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லம்மாளைத் தவிர வேறு யாரும் அந்தக் கையைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, எதிர்த்து அழுத்தச் சொன்னார். முழங்கையின் உள்பக்கம் ஒரு இடத்தை லேசாகத் தொட்டார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டான் முனிரத்தினம்.

"நரம்பு கயிறு கணக்கா வீங்கியிருக்கு" என்றார் டாக்டர். "இத்தன நாளா யாரும் தொட்டுப் பாக்கலயா?"

"ஜன்னல்ல அவ்ளோ தூரம் கை நுழையாது சார்" என்றாள் செல்லம்மாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் செல்வமேரி ஜன்னல் இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"கேளுங்க" என்றார் அவர் கடைசியில். "உடம்பு கிருமியோட மல்லுக்கட்டுது. அந்தச் சண்டையில நரம்பு மாட்டிக்கிட்டு. இப்படியே விட்டா கை கொக்கி மாதிரி நின்னுரும். வேற மாத்திரை தாரேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும், நடுவுல நிறுத்திராதீய. கையில பத்தை வச்சுக் கட்டணும். நோய்க்கும் புது மருந்து வந்திருக்கு. மாசம் ஒரு தடவை செவப்பு மாத்திரை, இங்கயே எங்க கண்ணு முன்னால முழுங்கணும். ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயந்துராதீய."

"கரண்டி புடிப்பேனா சார்?"

"பிடிப்பீயன்னுதான் நினைக்கேன்" என்றார் டாக்டர். "சத்தியம் பண்ண முடியாது. முன்னாடியே வந்திருந்தா பண்ணியிருப்பேன்."

பூசி மெழுகாமல் அவர் சொன்னது முனிரத்தினத்துக்குப் பிடித்திருந்தது. இந்த ஆளை நம்பலாம் என்று நினைத்தான்.

அடுத்த வியாழனிலிருந்து எல்லோரும் முன்வாசல் வழியாக வரலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மறுநாளே தசரதன் வந்துவிட்டார். ஊர்ப் பெரியதனக்காரர். ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் வரவும் ரோடு போடவும் அலைந்தவர். அந்தக் கட்டடம் தன்னுடையது என்றே அவருக்கு ஒரு நினைப்பு.

"டாக்டரே, புள்ளத்தாச்சிங்க குந்தற பெஞ்சு அது. அதுல பெருவியாதிக்காரனக் கொண்டாந்து குந்த வச்சா நாளைக்கு எவ வருவா?"

"மருந்து சாப்பிடுதவங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாதுங்க."

"உங்க புஸ்தகத்துல அப்டி இருக்கலாம். எங்க ஜனம் பயப்படுது. ஜனமே வரலன்னா அப்புறம் ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? மேல சொல்லி உங்கள மாத்திடுவேன், ஆமா."

டாக்டர் தயங்கினார். ஊரைப் பகைத்துக்கொண்டு வேலை செய்ய முடியுமா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். நோயாளிகள் பின்பக்கமே வரட்டும், தானே வெளியே வந்து கைகால் பார்க்கிறேன் என்றார். சொன்னபடி வந்தார். வியாழக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, செல்வமேரியோடு உட்கார்ந்து, ஒவ்வொருவர் விரலையும் பாதத்தையும் பார்த்தார். ஜன்னலில் நின்ற காலத்துக்கு அது எவ்வளவோ மேல் என்று ஜனங்கள் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

மழை வந்தது. வேப்பமரத்தடி சேறாகி, கால்வாய்த் தண்ணீர் ஸ்டூல் வரைக்கும் ஏறியது. மாதாகோயில் தெருவிலிருந்து அன்னபுஷ்பம் என்ற விதவை உள்ளங்கால் புண்ணோடு வருவாள். அந்த வியாழன் அவள் வழுக்கிக் கால்வாய்க்குள்ளேயே விழுந்துவிட்டாள். முனிரத்தினமும் செல்லம்மாளும் இறங்கித் தூக்கினார்கள். கட்டு அவிழ்ந்து புண்ணெல்லாம் கழிவுநீர். டாக்டர் கொட்டும் மழையில் மண்டிபோட்டு அதைக் கழுவினார். செல்வமேரி குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், புண்ணக் கழுவறீங்களா, சாக்கடையக் கழுவறீங்களா?" என்றாள் அவள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "பத்தடி தள்ளி உள்ள மேசை கீது, வெந்நீர் கீது, வெளக்கு கீது."

"பொங்கல் கழியட்டும் சிஸ்டர். மேல எழுதிக் கேக்கேன்" என்றார் டாக்டர், அவளைப் பார்க்காமல்.

அன்னபுஷ்பம் யாரையும் குறை சொல்லவில்லை. "என்னாலதான் உங்களுக்கெல்லாம் தொந்தரவு" என்றாள். முனிரத்தினத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த மாதங்களில் செல்லம்மாள் வேறொரு கொத்தனாரிடம் கலவை சுமந்தாள். முனிரத்தினம் வீட்டில் இருந்தான். செல்வமேரி மூங்கில் பத்தையில் பஞ்சு சுற்றி அவன் கைக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். வீக்கம் வற்றியதும் எண்ணெய் தடவி விரல்களை நீவச் சொன்னாள், எதையாவது பிசையச் சொன்னாள். செல்லம்மாள் ஏரியிலிருந்து களிமண் எடுத்துவந்து முன்னால் வைத்தாள். காலையில் பிசைந்தான், சாயங்காலம் பிசைந்தான். ஆரம்பத்தில் மண்ணில் மூன்று விரல்தான் பதிந்தது. எரிச்சலில் ஒருநாள் களிமண்ணைத் தூக்கிச் சுவரில் அடித்தான். செல்லம்மாள் அதை வழித்தெடுத்து, தண்ணீர் தெளித்து, மறுபடி அவன் மடியில் வைத்தாள்.

"அடிச்சியே, எந்தக் கையால அடிச்சே?" என்றாள்.

அவன் கையைப் பார்த்தான். வலது கை. சிரிப்பு வந்துவிட்டது.

மாசம் தவறாமல் செவப்பு மாத்திரையை முழுங்கினான். தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலையில் அவன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வெளியே வந்தான். செல்லம்மாள் கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

"பொங்கலும் போச்சு. டாக்டரு எழுதனாரா?" என்று கேட்டான் அவன்.

"எழுதிகீறாராம். பதிலு வரலியாம்."

"அப்போ நாமளே பதிலு எழுதிருவோம். நம்ம பழைய மாட்டுக்கொட்டா செவுத்துல கல்லு எவ்ளோ தேறும் பாரு."

அந்த வியாழக்கிழமை பட்டப்பகலில், ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிற நேரத்தில், முனிரத்தினம் பின்ஜன்னல் முன்னால் வந்து நின்றான். நூல், தூக்குக்குண்டு, கரண்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான். செல்லம்மாள் கீழே உட்கார்ந்து கலவை குழைத்தாள். மருந்துக்கு வந்தவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்ற ஆரம்பித்தார்கள். விரல் குறைந்தவர்கள் உள்ளங்கையால் ஏந்திக் கொடுத்தார்கள். அன்னபுஷ்பம் ஒரு கல்லில் உட்கார்ந்தபடி தண்ணீர் தெளித்தாள்.

முதல் வரிசைக் கல் ஏறியதும் உள்ளேயிருந்து தணிகாசலம் கத்தினார்.

"யோவ்! இன்னாய்யா பண்றே?"

"ஜன்னல அடைக்கிறேன் சார்."

"சர்க்கார் கட்டடம்யா இது! கேஸ் போட்டு உள்ள தள்ளிருவாங்க!"

"சர்க்காரு கட்டடத்த நான் இடிக்கல சார். கட்டிகினுதான் கீறேன்."

சத்தம் கேட்டு டாக்டர் பின்பக்கம் ஓடிவந்தார். பின்னாலேயே செல்வமேரி. முன்பக்கத்துக் கூட்டமும் மூலையில் வந்து எட்டிப் பார்த்தது. எல்லோரும் டாக்டர் வாயையே பார்த்தார்கள். நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவன் நிறுத்தவில்லை. கல்லை வைத்தான், கரண்டிப் பிடியால் தட்டினான், பிதுங்கிய கலவையை ஒரே வழியாக வழித்தான். டாக்டர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் கரண்டியைச் சுற்றி மடங்கியிருந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விடவில்லை.

"முனிரத்தினம், வலிக்கா?" என்றார்.

"இல்ல சார். உளைச்சல்தான். வேலை செஞ்சா வருமே, அந்த மாதிரி."

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜன்னலில் மீதியிருந்த இடைவெளி வழியாக உள்ளே பார்த்துச் சொன்னார்: "தணிகாசலம், தொழுநோய் மருந்துப் பெட்டிய எடுத்துக்கிட்டு முன் ரூமுக்கு வாங்க. இனி எல்லாம் அங்கதான்."

செல்வமேரி சத்தம் போட்டுச் சிரித்தாள். கடைசிக் கல் இறங்கியதும் முனிரத்தினம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். நூல் சுவரை ஒட்டி நேராக இறங்கியது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு, சேலையையும் வேட்டியையும் உதறிக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. தசரதன் வீடு வீடாகப் போய், அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்றார். சில வாரம் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினார்கள். செல்வமேரியும் வீடு வீடாகப் போனாள். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, ஏரிக்கரையிலிருந்து ரத்னா என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தசரதனின் தம்பி மருமகள் அவள். கூட வந்த கிழவி பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ரத்னாவால் நிற்க முடியவில்லை. அன்னபுஷ்பம் எழுந்து இடம்விட்டாள். செல்லம்மாள் ஓடிப்போய் ரத்னாவை அணைத்து உட்காரவைத்தாள்.

"தொடாத!" என்றாள் கிழவி.

"சும்மா இரு அத்த!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள் ரத்னா. செல்லம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரசவ அறைக்குப் போகிற வரைக்கும் விடவில்லை. ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை ஊர் தன் கண்ணாலேயே பார்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

தசரதன் எழுதிப்போட்ட புகார் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து பாண்டுரங்கன் என்ற பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மீசை நரைத்த, கறாரான மனிதர். நேரே பின்பக்கம் போய்ப் புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். டாக்டர் மாற்றல் உத்தரவுக்குத் தயாராகவே நின்றார். தசரதன் ஜீப்புக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"யாரு உத்தரவுல கட்டினது?"

"நான்தான் சார்" என்றார் டாக்டர்.

"இல்ல சார், நான்" என்றான் முனிரத்தினம். "டாக்டரு பாக்கத்தான் பாத்தாரு."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ யாரு?"

"கொத்தனாரு சார். இங்க வைத்தியம் பாக்கறவன்."

"கைய நீட்டு."

முனிரத்தினம் நீட்டினான். அவர் தன் ஆள்காட்டி விரலை அவன் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே கொடுத்தார். "புடி. பலமா."

முனிரத்தினம் பிடித்தான். களிமண்ணைப் பிசைந்த மாதிரி பிடித்தான்.

"விடு! யோவ், விடுய்யா!" என்று அதிகாரி துள்ளினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் விரலை உதறிக்கொண்டே உள்ளே போனார். பெஞ்சில் காய்ச்சல்காரரும் தொழுநோய்க்காரரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வமேரி ஒருத்தியின் பாதத்தை மடியில் வைத்துப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்னபுஷ்பத்தின் புண் ஆறி, மேல்தோல் மூடியிருந்தது. அதையும் குனிந்து பார்த்தார்.

வெளியே வந்து டாக்டரிடம் சொன்னார்: "பின்ஜன்னல் வழியா மழைத்தண்ணி உள்ள வந்துச்சு, அதனால அடைச்சோம்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." பிறகு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "என் ஜில்லாவுல இந்த மாதிரி ஜன்னல் இன்னும் எத்தனையோ கீது. அதெல்லாம் அடைக்கக் கூப்ட்டா வருவியா?"

"கல்லும் கலவையும் குடுங்க சார். சித்தாளு என்கிட்டயே கீது."

தசரதன் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சில மாதம் கழித்து முழங்கால் வலிக்கு வந்தார். அன்னபுஷ்பத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கால் வலி யாரையும் ரொம்ப நேரம் நிற்கவிடாது.

முனிரத்தினத்துக்கு வைத்தியம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன நாளில், செல்லம்மாள் ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்து பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். தணிகாசலம் இரண்டாம் முறையும் டம்ளரை நீட்டினார். சுண்டுவிரலில் மரத்தது மரத்ததுதான். அது திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேலை செய்யும்போது அடிக்கடி விரலைப் பார்த்துக்கொள்ள அவன் பழகிவிட்டான்.

அடுத்த கோடையில் ஆஸ்பத்திரிக்குப் புதுப் பிரசவ அறை கட்ட உத்தரவு வந்தது. முனிரத்தினம்தான் கொத்தனார். சாரம் கட்டி, லிண்டலுக்கு மேலே சுவர் ஏறிக்கொண்டிருந்தது. குன்றத்தூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண், வயசுக்கு வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

"ஏம்மா, எம்பொண்ணுக்கு முதுவுல தேமலு. தொட்டா தெரியலங்கறா. இங்க நல்லாப் பாக்கறாங்களாமே, எங்க காட்டணும்?"

குரலைத் தாழ்த்தவில்லை அவள், முக்காடு போடவில்லை. தலையில் பாண்டோடு போய்க்கொண்டிருந்த செல்லம்மாள் நின்றாள்.

"நேரா உள்ள போ. பெஞ்சுல குந்து. நர்சம்மா கூப்புடுவாங்க. இப்பவே இட்டாந்தியே, ஒண்ணும் ஆவாது."

"சரியாப் பூடுமா?" என்றாள் அந்தப் பெண்.

செல்லம்மாள் சாரத்தைக் காட்டினாள். "தோ, மேல நிக்கிறாரே, எங்க வூட்டுக்காரரு. அவருகிட்டயே கேளு."

அந்தப் பெண்ணும் மகளும் அண்ணாந்து பார்த்தார்கள். முனிரத்தினம் ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கரண்டியை ஆட்டிக் கீழே கத்தினான்.

"இன்னாமே, கதையா பேசிகினு கீறே? கலவை காயுது!"

"வரேன்யா!" என்று கத்திக்கொண்டே அவள் ஏணியில் கால் வைத்தாள்.